தொட்டால் அசையாத டேப்லட்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் கைப்பேசி, டேப்லட் பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. ஏழாம் தேதி வாக்கில் தோட்டத்துச் சம்பளம் வந்த கையோடு, அதுவரை அலமாரி மேல் கிடந்த டேப்லட்டுகள் துண்டில் சுற்றியபடி வந்து சேரும். "ஸ்க்ரீன் போச்சு அண்ணே, மாத்திடுங்க" என்பதுதான் முதல் பேச்சு. போயிருந்தால் மாற்றிவிடலாம், அதுதான் என் பிழைப்பு. ஆனால் கோளாறு விரலிலோ சார்ஜரிலோ செட்டிங்ஸிலோ இருக்க, நல்ல கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பஸ் ஏறி வருவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொட்டால் ஒன்றுமே அசையவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

டேப்லட் முழுவதும் உறைந்துவிட்டதா, தொடுதல் மட்டும் போய்விட்டதா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு. சத்தம் கூட்டும் பட்டனை அழுத்துங்கள். திரையில் அந்தக் கோடு ஏறி இறங்குகிறதா? மேலே மணி நகர்கிறதா? யாராவது வாட்ஸ்அப்பில் அழைத்தால் மணியடிக்கிறதா? இதெல்லாம் நடந்து, விரலுக்கு மட்டும் பதில் இல்லை என்றால் தொடுதலில் கோளாறு. எதுவுமே நடக்கவில்லை என்றால் உள்ளே மென்பொருள் சிக்கிக்கொண்டிருக்கிறது, கண்ணாடி மேல் பழி இல்லை. கட்டாய மறுதொடக்கம் (எப்படி என்று அடுத்த பதிலில்) கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

எழுந்ததும் சேமிப்பிடம் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 32 ஜிபி டேப்லட்டில் காலை வணக்கப் படங்களும் தைப்பூசக் காவடி வீடியோவும் நிரம்பி வழிந்தால், அது தொட்டதற்குப் பதில் சொல்லவே அரை நிமிடம் எடுக்கும். இரண்டு மூன்று ஜிபியாவது காலியாக வையுங்கள்.

ஆஃப் செய்வதற்கே திரையைத் தொட வேண்டியிருக்கிறதே?

வேண்டாம், பட்டனே போதும்.

சாம்சங் டேப்லட்டில் பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 7 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். திரை கறுத்து, பெயர் தெரிந்ததும் விடுங்கள். மற்ற ஆண்ட்ராய்டு டேப்லட்டுகள் பலவற்றில் பவர் பட்டனை மட்டும் 10 முதல் 30 வினாடி பிடித்தால் போதும்.

ஐபேடில் கீழே வட்டமான ஹோம் பட்டன் இருந்தால், அதையும் மேலே உள்ள பட்டனையும் சேர்த்து ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடியுங்கள். ஹோம் பட்டன் இல்லாத ஐபேட் என்றால் மேல் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்யூம் பட்டனை ஒருமுறை அழுத்தி விடுங்கள், தள்ளி இருப்பதை ஒருமுறை அழுத்தி விடுங்கள், அப்புறம் மேல் பட்டனைச் சின்னம் வரும்வரை பிடியுங்கள். அவசரமில்லாமல் செய்யுங்கள். மூன்று வினாடியில் விட்டுவிட்டு "நானும் பண்ணிப் பார்த்துட்டேன்" என்பவர்களே அதிகம். இதில் படங்களோ பாடங்களோ அழியாது.

ஒரு தடவை தொட்டால் கட்டம் விழுகிறது, டேப்லட் பேசுகிறது, உள்ளே போக மாட்டேன் என்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. பார்வை குறைந்தவர்களுக்கான 'டாக்பேக்' வசதி தெரியாமல் ஓடத் தொடங்கியிருக்கிறது. பல ஆண்ட்ராய்டு டேப்லட்டுகளில் இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்துச் சில வினாடி பிடித்தாலே அது வந்துவிடும். சின்னப்பிள்ளை டேப்லட்டை மார்போடு அணைத்துத் தூக்கினால் போதும்.

ஒரு முறை தோட்டத்திலிருந்து ஓர் அம்மா, பையன் டேப்லட்டில் ஏதோ பேசுகிறது என்று பயந்துபோய் வந்தார். வீட்டில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாகிவிட்டதாம். கடையில் தொட்டுப் பார்த்தேன். "செட்டிங்ஸ். திறக்க இருமுறை தட்டவும்" என்று அது பாட்டுக்குச் சொன்னது. அது சொன்னபடியே செய்ய வேண்டியதுதான். ஒருமுறை தொட்டால் தேர்வாகும், இருமுறை வேகமாகத் தட்டினால் திறக்கும், நகர்த்த இரண்டு விரல் வேண்டும். அல்லது அதே இரண்டு வால்யூம் பட்டனையும் மறுபடி சேர்த்துப் பிடித்தால் அடங்கிவிடும். அன்று நான் காசு வாங்கவில்லை.

ஐபேடில் இதே வசதிக்கு 'வாய்ஸ்ஓவர்' என்று பெயர். அங்கேயும் இருமுறை தட்டித்தான் செட்டிங்ஸுக்குள் போய் அணைக்க வேண்டும்.

நான் தொட்டால் வேலை செய்கிறது, பாட்டி தொட்டால் செய்யவில்லை. பாட்டி கையில் என்ன கோளாறு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சிரிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் திரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கம்பிவலை போல ஒரு மின்கடத்திப் படலம் இருக்கிறது. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளால் ஆனது. அதில் எப்போதும் சிறு மின்புலம் இருக்கும். விரலில் ஈரமும் உப்பும் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்தில் வந்ததும் அந்தப் புலம் கொஞ்சம் மாறும். எந்த இடத்தில் மாறியது என்பதை ஒரு சின்னச் சிப் வினாடிக்குப் பத்துக்கணக்கான முறை அலசிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான்.

முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய கையைப் பார்த்திருக்கிறீர்களா? உளி பிடித்த இடமெல்லாம் காய்ப்பு ஏறி, விரல் நுனி மரப்பட்டை போல உலர்ந்திருக்கும். அந்தத் தடித்த, வறண்ட தோலில் ஈரம் இல்லை. அடியில் இருக்கும் உயிருள்ள சதைக்கும் கண்ணாடிக்கும் தூரம் கூடிப்போகிறது, சிப்புக்கு விரல் வந்ததே தெரிவதில்லை. பாட்டி இன்னும் பலமாக அழுத்துவார், அதனால் பெரிய பயனில்லை. பழைய பட்டன் போன் பழக்கம்.

என் கடைக்கு வந்த ஒரு பாட்டி, சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசத்தான் டேப்லட் வாங்கியிருந்தார். பச்சை வட்டத்தைக் குத்திக் குத்தி, மகள் அழைப்பு நின்றே போகுமாம். "பாட்டி, விரல் நுனி வேணாம், சுண்டுவிரல் பக்கவாட்டுல தொடுங்க" என்றேன். அங்கே தோல் மெத்தென்று இருக்கும். உடனே எடுத்தது. அதுவும் ஒத்து வராவிட்டால் விரல் முட்டியால் தொடலாம். ஈரத்துணியில் விரலை ஒற்றிவிட்டுத் தொடலாம், ஈரம் சொட்டக் கூடாது. கைக்குப் பூசும் சாதாரண லோஷன் நாளைக்கு இரண்டு வேளை போட்டால் சில வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது மின்சாரம் கடத்தாது, கண்ணாடியில் படலமாக நிற்கும். ரப்பர் முனை வைத்த தொடுபேனா சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும், அதுவும் நல்லது. உலோக உடம்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கையிலிருந்து முனைவரை மின்தொடர்பு வேண்டும்.

கையுறை பற்றியும் கேட்கிறார்கள். டாக்டர்கள் போடும் மெல்லிய ரப்பர் கையுறையோடு பெரும்பாலும் வேலை செய்யும். செம்பனைக் குலை தூக்கப் போடும் தடித்த கையுறையோடு நடக்காது.

சார்ஜில் போட்டிருக்கும்போது மட்டும் தானாகத் திறக்கிறது, தானாக டைப் அடிக்கிறது. ஏன்?

சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். உடனே ஒழுங்காகிவிட்டால் டேப்லட்டில் குறையில்லை, சார்ஜரில்தான்.

சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். அதைச் சார்ஜர் உள்ளே மிக வேகமாக வெட்டி வெட்டி 5 வோல்ட்டாக்கித் தருகிறது. நல்ல சார்ஜர் அந்த வெட்டில் எழும் மின் இரைச்சலை வடிகட்டிவிடும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஐந்து வெள்ளிக்கு வாங்கியதில் அந்த வடிகட்டிப் பாகத்தையே விட்டிருப்பார்கள். இரைச்சல் கேபிள் வழியாக டேப்லட்டுக்குள் வருகிறது. நீங்கள் தரையில் நின்று திரையைத் தொட்டதும் உங்கள் உடம்பு வழியாகப் பூமிக்குப் போக அதற்கு வழி கிடைக்கிறது. விரல் ஏற்படுத்தும் சின்ன மாற்றம் எது, இந்த இரைச்சல் எது என்று சிப்புக்குப் பிரித்தறிய முடியவில்லை, தொடாத இடத்தையெல்லாம் தொட்டதாக எடுத்துக்கொள்கிறது. உலோகப் பின்புறத்தைத் தடவினால் சுர்ரென்று ஓர் உணர்வு வருமே, அதுவும் இந்த வகைக் கசிவுதான்.

இன்னொன்றைக் கோபத்தோடு சொல்கிறேன். வெளிநாட்டு உருண்டை இரண்டு கால் பிளக்கை நம் மூன்று துளைச் சாக்கெட்டில் செருக, மேல் துளையில் பேனாவையோ சோப்ஸ்டிக்கையோ விட்டுக் குத்துகிறார்கள். பிள்ளைகள் பார்க்கப் பார்க்கச் செய்கிறார்கள். மேல் துளையில் ஏதாவது நுழைந்தால்தான் கீழ்த் துளைகளின் மூடி திறக்கும் என்று வைத்திருப்பதே பாதுகாப்புக்காக. நம் சாக்கெட்டுக்கான மூன்று கால் பிளக்கும் சிரிம் என்னும் மலேசியத் தரச்சான்று முத்திரையும் உள்ள சார்ஜராக வாங்குங்கள். இருபது முப்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் பிள்ளையின் கையில் ஷாக் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

மத்தியான இடிமழை வரும்போது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். இடி விழுந்து கருகிய சார்ஜர்கள் என் மேசை இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

மேலே ஒட்டிய கண்ணாடித்தாளால் இருக்குமா?

இருக்கலாம். ஒரு ஓரம் தூக்கி, அடியில் தூசியும் ஈரமும் புகுந்திருந்தால் உரித்துவிட்டுப் பாருங்கள். பழையதன் மேலேயே புதியதை ஒட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். சாம்சங் டேப்லட்டுகள் சிலவற்றில் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் தொடு உணர்திறனைக் கூட்டும் வசதி உண்டு, தடித்த தாள் ஒட்டியிருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். ரொட்டி சானாய் எண்ணெய் படிந்த திரையை லேசாக ஈரமான மெல்லிய துணியால் துடைத்தால் போதும். குளோரின் கலந்த வெளுப்பான் ஆகாது.

மழையில் நனைந்துவிட்டது. அரிசிப் பானையில் போட்டிருக்கிறோம். எத்தனை நாள் வைக்கணும்?

இப்போதே எடுங்கள். அரிசி உள்ளே இருக்கும் தண்ணீரை இழுத்துவிடாது. மாவும் குருணையும்தான் சார்ஜ் துளைக்குள் போகும். ஆப்பிள் நிறுவனமே ஐபோனுக்கான தன் உதவிக் குறிப்பில் அரிசிப் பையில் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது.

உடனே அணையுங்கள். சார்ஜில் போடாதீர்கள், நனைந்த டேப்லட்டைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் அல்ல, அது நனைந்திருக்கும்போது கொடுத்த சார்ஜ்தான். உறையைக் கழற்றி, துடைத்து, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து வைத்து மின்விசிறிக் காற்றில் விடுங்கள். முடி உலர்த்தும் கருவியின் சூடு வேண்டாம், திரையை ஒட்டியிருக்கும் பசை இளகும். சாக்கடைத் தண்ணீர், சர்க்கரை போட்ட தே தாரிக், மைலோ இவை பட்டிருந்தால் காத்திருக்காமல் கடைக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று நாள் போனால் உள்ளே இணைப்பிகளில் பச்சையாகக் களிம்பு ஏறும். அப்போது ஆல்கஹால் போட்டு பிரஷால் துடைத்தாலும் எல்லாமே மீளும் என்று சொல்ல மாட்டேன்.

உள்ளே நனையாவிட்டாலும், திரை மேல் நீர்த்துளி இருந்தால் தொடுதல் தாறுமாறாகும். வியர்வைக் கைக்கும் அதே கதை. துடைத்தால் சரி.

ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யவில்லை. எப்படி உறுதி செய்வது?

ஏதாவது வரையும் செயலியைத் திறந்து, விரலை எடுக்காமல் மேலிருந்து கீழாக வயலில் ஏர் ஓட்டுவது போலக் கோடு கோடாக நிரப்புங்கள். கோடு எங்கே அறுகிறதோ அந்த இடம் செத்திருக்கிறது. பிறகு டேப்லட்டைத் திருப்பிப் பிடித்து மறுபடி வரையுங்கள். அறுபடும் இடம் கண்ணாடியின் அதே மூலையிலேயே நின்றால் கண்ணாடியோ அதன் பட்டைக் கேபிளோ போயிருக்கிறது. இடம் மாறிக்கொண்டே இருந்தால் மென்பொருள் பக்கம் சந்தேகப்படலாம்.

கீழே விழுந்த பிறகு கண்ணாடி உடையாமலேயே தொடுதல் போவதும் உண்டு. உள்ளே தொடுபலகையின் மெல்லிய பட்டைக் கேபிள் தன் இணைப்பியிலிருந்து நழுவியிருக்கும். திறந்து மறுபடி செருகினால் முடிந்தது. அதற்குக் கண்ணாடி விலை கேட்கிற கடையை விட்டு வெளியே வாருங்கள்.

மென்பொருள்தானா என்று பார்க்க சேஃப் மோட் இருக்கிறது, நாம் ஏற்றிய செயலிகள் ஓடாமல் டேப்லட் இயங்கும் முறை அது. சாம்சங்கில் அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்தி, பெயர் வந்ததும் சத்தம் குறைக்கும் பட்டனைப் பிடித்தபடியே இருங்கள், மூலையில் சேஃப் மோட் என்று எழுத்து வரும். அதில் ஒழுங்காக வேலை செய்தால் பிறகு ஏற்றிய ஏதோ ஒரு செயலிதான் குற்றவாளி. கடைசியாக ஏற்றியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

விழவும் இல்லை, நனையவும் இல்லை. ஆனால் திரை ஓரமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

பேட்டரி உப்பியிருக்கிறது. மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள்.

லித்தியம் பேட்டரி பழசானால், அல்லது சூட்டில் கிடந்து கிடந்து, உள்ளே வாயு சேர்ந்து தலையணை போல ஊதும். அது அடியிலிருந்து திரையைத் தள்ளும், தொடுதல் கிறுக்குப் பிடித்தது போல ஆகும். அழுத்தி மூடப் பார்க்கக் கூடாது, கனமான புத்தகத்தை மேலே வைக்கக் கூடாது, சார்ஜில் போடக் கூடாது. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். சிமெண்டுத் தரையில், துணி மெத்தை பக்கத்தில் இல்லாமல் வைத்து, அணைத்த நிலையில் கொண்டு வாருங்கள். குப்பைத்தொட்டியில் போடுவதும் ஆபத்து.

ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் பயன்பாட்டு வெப்பநிலை 35 டிகிரி வரைதான். துத்தநாகத் தகரக் கூரை வீட்டில் இரண்டு மணிக்கு என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். கோயில் வாசலில் நிறுத்திய காருக்குள் டேப்லட்டை விட்டுவிட்டு அர்ச்சனைக்குப் போகாதீர்கள்.

திரைக்குள் எறும்பு ஓடுகிறது, அண்ணே.

ஓடும். சூடாக, இருட்டாக இருக்கிறதே. மருந்து அடிக்க வேண்டாம். டேப்லட்டை அணைத்து, சூடு ஆறியதும் வெள்ளைத் துணி மேல் ஓரிரு நாள் வைத்தால் பெரும்பாலும் தானே வெளியேறும். பிசுக்குள்ள உறையைக் கழுவுங்கள், அதுதான் அவற்றைக் கூப்பிட்டது.

திரை வேலை செய்யவில்லை, ஆனால் உள்ளே மகள் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. எப்படி எடுப்பது?

கணினி மவுஸ் ஒன்று போதும். ஆண்ட்ராய்டு டேப்லட்டின் சார்ஜ் துளையில் ஓடிஜி என்னும் சின்ன இணைப்பைச் செருகி, அதில் சாதாரண யுஎஸ்பி மவுஸை மாட்டுங்கள். திரையில் அம்புக்குறி வரும். பூட்டுத் திறக்கும் பின் (PIN) எண்ணையும் அதிலேயே அழுத்தலாம், கோலம் போடும் பூட்டையும் இழுக்கலாம். படங்களை எல்லாம் மெமரி கார்டுக்கோ கூகுள் கணக்குக்கோ ஏற்றிவிட்டு அப்புறம் பழுதுக்குக் கொடுங்கள். ஐபேடிலும் 2020இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13.4 மென்பொருள் முதல் மவுஸ் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் பூட்டி ஒரு மணி நேரம் தாண்டியிருந்தால், முதலில் பூட்டைத் திற என்று கேட்டு மவுஸை ஏற்க மறுக்கலாம். விரல் ரேகை இருந்தால் அங்கேதான் கைகொடுக்கும்.

ரீசெட் போட்டால் சரியாகிவிடுமா?

கேபிள் நழுவியதற்கும் கண்ணாடி செத்ததற்கும் ரீசெட் மருந்தில்லை. உள்ளே இருப்பது அழியும், அதுதான் மிச்சம். போட்டே ஆக வேண்டும் என்றால் முன்பு இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல் தெரியுமா என்று முதலில் பாருங்கள். தெரியாமல் ரீசெட் செய்தால் டேப்லட் அந்தக் கணக்கையே கேட்டு நிற்கும். பிள்ளையின் டெலிமா கணக்கு (கல்வி அமைச்சு மாணவர்களுக்குத் தரும் கணக்கு) போட்டிருந்தால் பள்ளியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐபேடும் பழைய ஆப்பிள் கணக்கைக் கேட்கும். யார் டேப்லட் என்று தெரியாமல் பூட்டு உடைக்கும் வேலையை நான் செய்வதில்லை.

கண்ணாடி மாற்றுவதில் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்?

சில டேப்லட்டில் மேல் கண்ணாடி தனி, படம் காட்டும் பலகை தனி. ஐபேட் 9, 10ஆம் தலைமுறை அப்படித்தான், மேல் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். 2014இல் வந்த ஐபேட் ஏர் 2 முதல் ஏர் வகையில் இரண்டும் ஒன்றாக ஒட்டியிருக்கும், ஒன்று போனால் இரண்டையும் வாங்க வேண்டும். ஹோம் பட்டன் உள்ள ஐபேடில் பழைய பட்டனையே கிழியாமல் எடுத்துப் புதுக் கண்ணாடிக்கு மாற்றச் சொல்லுங்கள், அது போனால் விரல் ரேகை வேலை செய்யாது. செலவு புது டேப்லட் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

பள்ளியோ பல்கலைக்கழகமோ கொடுத்த டேப்லட். உங்களிடம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நான் திறந்தால் உத்தரவாதம் போகலாம். கொடுத்தவர்களிடம் எழுத்தில் சொல்லி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சார்ஜர், டாக்பேக், தாள் சோதனைகளை மட்டும் வீட்டில் செய்யலாம்.

வேறு கடையில் மாற்றிய கண்ணாடி ஒரு வாரத்தில் போச்சு. காசு திரும்பக் கிடைக்குமா?

ரசீது இருக்கிறதா? இருந்தால் முதலில் அந்தக் கடைக்கே போய் நிதானமாகப் பேசுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. மனு போட ஐந்து வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. ஆகவே யாரிடம் கொடுத்தாலும், என்னிடம் கொடுத்தாலும் சரி, என்ன பாகம் மாற்றினார்கள், எத்தனை நாள் உத்தரவாதம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய கண்ணாடியையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அது உங்களுடையது.